கடலைக் கிட்டங்கியில் கோணிய காத்தாடிகள்

திருச்சிக்குப் போகும் விமானத்தின் சத்தம் கேட்டால் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிய வயதுக்காரர்கள் நாம். வாத்தியாரும் நம் பின்னாலேயே வந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். அந்தக் காலத்தில் ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடலைக் கிட்டங்கிக்குள்ளேயே விமானம் பறந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கும். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்கும்படியான விஷயமும் இல்லை இது.

எங்கள் அப்பா ஓர் எண்ணெய் மில்லின் கிட்டங்கிக்கு மேனேஜராக இருந்தார். முதலாளி புதுக்கோட்டையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை காரில் வருவார். கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு, இன்றைய கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். தகரக் கூரை, நடுவில் தூண் கிடையாது, இரண்டு பக்கமும் பெரிய கதவுகள். அதை ஒட்டிச் சிமெண்டுக் களம். களத்தின் ஓரத்தில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் கொடுத்திருந்தார்கள். ஆத்தா துணி காயப்போட்டால்கூடக் கடலைத் தூசி வாசம் அடிக்கும். ஆத்தா என்றுதான் அம்மாவைக் கூப்பிடுவோம்.

நான் ஏழாவது படித்தேன். அண்ணன் எனக்கு மூன்று வயது மூத்தவன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் படிக்கப் போவான். அவனுக்கு விமானப் பைத்தியம் பிடித்தது பழைய காகிதக் கட்டு ஒன்றில் கிடைத்த இங்கிலீஷ் புத்தகத்தால். அட்டை இல்லை. முன்பாதி மட்டும் இருந்தது. வீட்டுக்குள்ளே பறக்கவிடும் சின்ன விமானங்களைச் செய்வது எப்படி என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். வெளியே காற்றில் விட்டால் அவை தாங்காது, அவ்வளவு லேசு. காற்று அசையாத பெரிய கூடம் வேண்டும். அப்படிப்பட்ட கூடம் எங்கள் வீட்டை ஒட்டியே இருந்தது. ஆடி, ஆவணியில் பழைய கடலை எல்லாம் உடைத்து முடிந்து கிட்டங்கி காலியாகக் கிடக்கும்.

மூங்கில் சிம்பில் இறக்கைக்குச் சட்டம் கட்டுவோம். அதற்கு மேலே ஒட்டுவதற்குப் பட்டத்தாள்கூடக் கனம். புதுக்கோட்டைப் பழக்கடையில் ஆப்பிள் சுற்றி வரும் மெல்லிசான ஊதாத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவான். ரப்பருக்கு, ஆத்தாவுடைய தையல் டப்பாவில் இருந்த பழைய எலாஸ்டிக்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் இழைகளை எடுத்து, விளக்கெண்ணெய் தடவி முறுக்குவோம். மொத்த விமானமும் இரண்டு வெற்றிலை கனம்கூட இருக்காது.

கஷ்டம் எல்லாம் முன்னால் சுற்றும் காத்தாடியில்தான். அண்ணன் மட்டும் அதைப் புரொப்பல்லர் என்பான். வேலியில் நிற்குமே கல்யாண முருங்கை, அதன் காய்ந்த கட்டைதான் எங்களுக்குக் கிடைத்ததில் லேசான மரம். அதைப் பட்டையாகச் சீவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளில் தேய்த்து, பின்னால் விரலை வைத்தால் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்குவோம். பிறகு வெந்நீரில் ஊறவைத்து, ஒரு சர்பத் பாட்டில்மேல் சாய்வாக வைத்துத் துணி நாடாவால் இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிடுவோம். அவிழ்த்தால் அந்த இதழ் பாட்டிலின் வளைவைப் பிடித்துக்கொண்டு அழகாகத் திரும்பியிருக்கும். அதே மாதிரி இன்னொரு இதழ். இரண்டும் ஒரே அளவு திரும்பியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒட்டி, குண்டூசியை வளைத்து அச்சாக்கி, உராயாமல் இருக்க ஒரு பாசிமணியைக் கோப்போம்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் விமானம் பறந்தது. அப்பாதான் சாவி எடுத்து வந்து கிட்டங்கியைத் திறந்துவிட்டார். கதவுகளைச் சாத்தினோம். அண்ணன் இருநூறு சுற்று முறுக்கிக் கையை விட்டான். சத்தமே இல்லை. வட்டம் போட்டுக்கொண்டு மெதுவாக மேலே ஏறிற்று, நாங்கள் நடக்கும் வேகம்தான். தகரத்துக்கு ஒரு முழம் கீழே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, அதே வட்டத்தில் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தது. அப்பா கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூக்குப்பொடி டப்பாவை மடியில் செருகிவிட்டு, சின்னப் பையன் மாதிரி, "இன்னொருக்க விடுடா" என்றார்.

தை மாதம் புதுக்கோட்டையில் பள்ளிகளின் விஞ்ஞானப் பொருட்காட்சி இருந்தது. மூடிய ஹாலுக்குள் அதிக நேரம் பறக்கும் விமானத்துக்குப் பரிசு உண்டு என்று அண்ணன் பேர் கொடுத்துவிட்டு வந்தான்.

ஐப்பசி வந்தது. புதுக்கடலை வர ஆரம்பித்தது. வண்டி வண்டியாக வந்து களத்தில் கொட்டுவார்கள். அதைக் கிண்டிக் காயவைக்க ஐந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவரை நாங்கள் களத்து அக்கா என்போம். புருஷன் இல்லாதவர். இரண்டு பிள்ளைகளும் ஒரு பசுமாடும் உண்டு. மாடு அப்போதுதான் கன்று போட்டிருந்தது. காய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்குவார். பருப்பு உள்ளே கலகலக்க வேண்டும்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஒருநாள் மதியம் தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. களம் நிறையக் காய். இன்னும் வண்டிகள் வருகின்றன, களத்தைக் காலி பண்ணு என்று முதலாளியும் லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா எல்லாவற்றையும் கிட்டங்கிக்குள் அள்ளிப்போடச் சொன்னார். அக்கா ஒரு கை அள்ளிக் குலுக்கிவிட்டு அப்பா முன்னால் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு வெயில் வேணும்ங்கய்யா. உள்ள பச்சையா இருக்கு."

"வெயிலுக்கு நான் எங்க போவேன்? நனையப் போகுது பாரு. அள்ளு."

இதை நான் வாசல்படியில் நின்று கேட்டேன். அன்று அப்பா செய்தது தப்பு என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே விட்டிருந்தால் அரை மணியில் எல்லாம் தண்ணீரில் மிதந்திருக்கும். கிட்டங்கியின் ஒரு பக்கத்தில் அப்பா உயரத்துக்கு மேலே காய் அம்பாரமாகக் குவிந்து எழும்பிற்று.

மூன்றாம் நாள் எங்கள் காத்தாடிகள் கோணின. எலிக்குப் பயந்து கிட்டங்கியின் கூரைச் சட்டத்தில் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டிருந்தோம். அம்பாரம் வந்த பிறகு அந்தக் கயிறு அதற்கு நேர் மேலே இருந்தது. அண்ணன் ஒன்றை எடுத்து மாட்டி முறுக்கிவிட்டான். விமானம் குளிர் கண்ட ஆடு மாதிரி நடுங்கிற்று. இடது பக்கம் சரிந்து, பாதி வட்டம்கூடப் போகாமல் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஓர் இதழ் திரும்பியபடி இருந்தது, இன்னொன்று பலகை மாதிரி நிமிர்ந்துவிட்டது.

நான்தான் எடுத்து விளையாடியிருப்பேன் என்று அண்ணன் நினைத்தான். தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புதிதாக ஒன்று செய்து தொங்கவிட்டான். அது நான்காம் நாள் கோணிற்று. அப்போது நான் அம்மைத் தடுப்பு ஊசி போட்டுக் காய்ச்சலில் படுத்திருந்தேன். அவனாகவே என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ இல்ல புள்ள" என்றான். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம். புத்தகத்தில் காத்தாடி கோணினால் என்ன செய்வது என்ற பக்கம், இல்லாத பின்பாதியில் இருந்திருக்க வேண்டும்.

முதலில் பிசின்மேல் சந்தேகம். நாங்கள் ஒட்டியிருந்த வேலம்பிசின் ஈரத்தில் இளகும் என்று ஊர்த் தச்சாசாரி சொன்னார். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினோம். அதுவும் கோணிற்று. பிறகு மரத்தின்மேல் சந்தேகம். இரண்டு இதழையும் ஒரே கட்டையில் அடுத்தடுத்த பட்டையிலிருந்து எடுத்தோம். இப்போது இரண்டும் ஒன்றுபோலவே நிமிர்ந்தன. நடுக்கம் நின்றது, விமானம்தான் ஏறவில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்துப் பார்த்தோம், எதிர்ப்பக்கம் வில்லாக வளைந்தது. இரண்டு பக்கமும் அடித்தால் கனம் கூடிற்று.

கடைசியில் அண்ணன் நான்கு காத்தாடிகள் செய்தான். ஒன்று வீட்டு விளக்கு மாடத்தில், ஒன்று அரிசிப் பானைக்குள்ளே, ஒன்று கிட்டங்கிக் கதவோரம், ஒன்று அம்பாரத்துக்கு மேலே. தினமும் காலையில் அவன் பஸ்ஸுக்குப் போன பிறகு, பாகைமானியை வைத்து ஒவ்வொரு இதழின் சாய்வையும் அளந்து எழுதுவது என் வேலை. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அரிசிப் பானையில் இருந்தது அசையவில்லை. முப்பது பாகை, முப்பது பாகை என்றே எழுதி வந்தேன். மாடத்தில் இருந்தது கொஞ்சம் குறைந்தது. அம்பாரத்துக்கு மேலே இருந்தது மூன்றே நாளில் பத்தொன்பது. அதை இன்னும் இறக்கி, காய்க்கு ஒரு சாண் மேலே கட்டினோம். காலையில் கட்டியது மாலையில் அவன் வருவதற்குள் நிமிர்ந்துபோயிருந்தது.

வெளியே அன்றைக்கு நல்ல வெயில். கிட்டங்கித் தகரம் சூட்டில் படபடவென்று சத்தம் போட்டது. ஈரம் மேலேயிருந்து வரவில்லை, கீழேயிருந்து வருகிறது என்று அண்ணன் சொன்னான். ஒரு நீளமான இரும்புக் கம்பியை அம்பாரத்துக்குள் செருகி, நூறு எண்ணச் சொல்லிவிட்டு உருவினான். முனையை என் உள்ளங்கையில் வைத்தான். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது.

அன்றைக்கே அப்பாவிடம் சொன்னோம். அப்பா முதலில் சிரித்தார். எங்களோடு வந்து அம்பாரத்துக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்தார். மேலே காய்ந்துதான் இருந்தது.

"கம்பி சுடுதுப்பா. காத்தாடி கோணுறது இதாலதான். உள்ள வேகுது" என்றான் அண்ணன்.

"புதுக்காய்னா சூடு இருக்கும்டா."

"கிண்டி வெளிய எடுத்துக் கொட்டுங்கப்பா."

"களம் பூரா நேத்துப் பெஞ்ச தண்ணி நிக்கிது. எங்கிட்டுக் கொட்ட? முதலாளி கேட்டா, காத்தாடி சொல்லுச்சுன்னு சொல்லவா?"

நான் நோட்டை நீட்டினேன். அவர் வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கிட்டங்கிக்குள் இனிக் கயிறு, கம்பி ஒன்றும் இருக்கக் கூடாது, பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்றார். அன்றிலிருந்து சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் எங்களை நம்பாததால் கோபப்பட்டார் என்று அப்போது நினைத்தேன். நம்பிவிட்டதால்தான் கோபம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கார்த்திகை நடுவில் வாசம் வந்தது. புளித்த மாவும் பழைய சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அப்பா ஆட்களைவிட்டு அம்பாரத்தை வெட்டினார். உள்ளேயிருந்து ஆவி வந்தது. நடுவில் இருந்த காயெல்லாம் கறுத்து, உடைத்தால் பருப்பின்மேல் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம்.

இரண்டு நாள் கழித்து முதலாளி வந்தார். எங்கள் வீட்டு ஜன்னல் களத்தைப் பார்த்தபடி இருக்கும். நான் அதில் நின்றேன். அண்ணன் பள்ளிக்கூடத்தில். முதலாளி கத்தவில்லை. ஒரு காயை விரலில் நசுக்கி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, இது எப்படி என்று கேட்டார். களத்துப் பெண்கள் ஐந்து பேரும் ஓரமாக நின்றிருந்தார்கள்.

"களத்துல சரியாக் காயவைக்கலைங்க. காஞ்சிருச்சுன்னு சொன்னாங்க, நான் நம்பிட்டேன்" என்றார் அப்பா.

களத்து அக்கா அப்பாவையே பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "நான் ரெண்டு வெயில் கேட்டேங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை. நாளையிலிருந்து வேறு ஆள் வைத்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஐந்து பெண்களும் முறத்தையும் சும்மாட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு களத்தைத் தாண்டிப் போனார்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொன்னேன். அவன் நோட்டைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். கடைசி வரை படித்துவிட்டு, பத்திரமா வை என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவர் எழுந்து போன பிறகுதான் வருவான். ஆத்தா இரண்டு தடவை அடுப்பை மூட்ட வேண்டியிருந்தது. ஏனென்று கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

அப்பா நிம்மதியாக இல்லை. கெட்டுப்போன காயை மில்லில் தனியாக ஆட்டினார்கள். எண்ணெய் சோப்புக் கம்பெனிக்குப் போயிற்று. பிண்ணாக்கு மிஞ்சிற்று. அதில் இரண்டு மூட்டையை அப்பா யாருக்கும் சொல்லாமல் ஒரு வண்டியில் போட்டுக் களத்து அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கறவை மாடு வைத்திருக்கிறவள், வேலையும் போயிற்று, தீனிக்காவது ஆகட்டும் என்று ஆத்தாவிடம் சொன்னாராம். ஆத்தா அதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. மனுஷன் கல் இல்லை என்று எனக்குக் காட்டுவது போல. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவன் ஓர் இதழை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தையில் பொருட்காட்சி. காத்தாடிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வறுத்த அரிசி போட்டு, அதன்மேல் துணி விரித்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றிக் கொண்டுபோனோம். பறக்கவிடும் நேரத்தில்தான் திறக்க வேண்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு. அப்பாவும் வந்தார். வேட்டி சட்டை வெளுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலின் பின்சுவரோரம் நின்றார். முன்வரிசை நாற்காலியில் எங்கள் முதலாளி உட்கார்ந்திருந்தார். பொருட்காட்சிக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். அவர் வந்திருப்பதை நாங்கள் உள்ளே போன பிறகுதான் பார்த்தோம்.

ஒன்பது விமானங்கள் வந்திருந்தன. பெரும்பாலும் எறிந்த வேகத்தில் போய் எதிர்ச்சுவரில் முட்டின. அண்ணனுடையது ஏறிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஊதாத்தாள் தெரிந்தது. சுற்றிச் சுற்றி, தொங்கும் மின்விசிறிகளுக்கு மேலே போய், எல்லோர் கழுத்தும் அதோடு சேர்ந்து திரும்ப, அது இறங்கி வருவதற்குள் நான் இரண்டு தடவை நூறு எண்ணிவிட்டேன்.

நடுவராக வந்தவர் கல்லூரியில் பௌதிகம் நடத்துபவர். காத்தாடியை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மழை மாதத்தில் செய்த மரக் காத்தாடி எப்படித் தம்பி கோணாமல் இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். பிசின், கட்டை, வார்னிஷ், அரிசிப் பானை என்று வரிசையாகச் சொன்னான். அம்பாரத்துக்கு வந்தான். ஈரம் கீழேயிருந்து வந்ததைச் சொன்னான். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். முன்வரிசையில் இருந்து முதலாளி எழுந்து வந்தார்.

"எந்தக் கிட்டங்கி தம்பி?"

"நம்ம ஆலங்குடிக் கிட்டங்கிதாங்க."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"அள்ளிப் போட்ட மூணாம் நாள்லேர்ந்து கோணுச்சுங்க. காரணம் தெரிய மூணு வாரம் ஆச்சு. தங்கச்சி எழுதி வச்சிருக்கா."

முதலாளி என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். நின்றபடியே பக்கங்களைத் திருப்பினார். "அப்பாகிட்டச் சொன்னியா?" என்று கேட்டார்.

அண்ணன் பின்சுவர்ப் பக்கம் பார்த்தான். நானும் பார்த்தேன். அப்பா தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சொன்னேங்க" என்றான் அண்ணன்.

அதைச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் அவன் வந்தானா, கேள்வி வந்ததால் சொன்னானா என்று இந்த வயது வரை நான் கேட்கவில்லை. முதலாளி தலையை ஆட்டினார். நோட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். அந்த நோட்டு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு முதல் பரிசு, ஒரு பவுண்டன் பேனா.

ஆலங்குடி பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். அப்பா நடுவில். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "நல்லாப் பறந்துச்சுடா" என்றார். அண்ணன் அழுதுவிட்டான். அன்றிரவு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. அப்பாவுக்கு இலுப்பூர்க் கிளையில் எடை போடும் வேலை. பங்குனிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். களத்துப் பெண்களை மறுபடி வேலைக்குக் கூப்பிடச் சொல்லியும் எழுதியிருந்தது. அதைச் சொல்ல அப்பா ஆள் அனுப்பவில்லை, தானே போகிறேன் என்றார். தனியாகப் போகத் தயங்கினாரோ என்னவோ, என்னையும் கூட்டிக்கொண்டார். முந்திரித் தோப்புகளுக்கு ஊடே செம்மண் பாதையில் இரண்டு மைல் நடந்தோம்.

அக்கா வீட்டு முற்றத்தில் மாடு படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. கன்றைக் கட்டும் முளையில் கயிறு மட்டும் கிடந்தது. அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லிக் கோணிச் சாக்கை விரித்தார். அப்பா உட்காரவில்லை.

"ஒங்க மேல பொய் சொல்லிட்டேன். நீங்க ரெண்டு வெயில் கேட்டீங்க. நான்தான் அள்ளச் சொன்னேன். மன்னிச்சுக்கங்க" என்றார். அந்த அக்காவை அப்பா 'நீங்க' என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அக்கா விரித்த சாக்கை மடித்து எடுத்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரிஞ்சதுதாங்களே. போகட்டும். நீங்க நாலு எடம் பாத்தவுங்க, இதச் சொல்லுங்க. கன்னுக்குட்டி முந்தாநேத்து செத்துப்போச்சு. கோழிக்குஞ்சு பூரா போச்சு. மாடும் மெலியுது. நீங்க குடுத்த பிண்ணாக்கக் கொறவில்லாமத்தான் வச்சேன். என்னா செஞ்சுச்சுன்னு தெரியலைங்க."

அப்பா மாட்டின் அருகில் குனிந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். மழைக்காய்ச்சலாக இருக்கும் என்றார். பசும்புல் மட்டும் போட்டால் தெம்பு வராது, பிண்ணாக்கை நிறுத்தாதீங்க, ஊறவைத்து இன்னும் ஒரு கை கூடவே போடுங்க என்றார். மிஞ்சிய பிண்ணாக்கில் இன்னொரு மூட்டை அனுப்புவதாகவும் சொன்னார். சொன்னபடி மறுநாளே அனுப்பினார். அக்கா கும்பிட்டார். எனக்கு ஒரு சொம்பில் மோர் கொடுத்தார். திரும்பி வரும்போது அப்பா வேகமாக நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது.

இலுப்பூரில் அப்பா பன்னிரண்டு வருஷம் மூட்டை நிறுத்தார். பதவி போனது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தப்புப் பண்ணினால் நேரே போய்க் காலில் விழுந்துவிட வேண்டும், நெஞ்சு லேசாகிவிடும், தான் ஒரு தடவை செய்து பார்த்ததாகச் சொல்வார். அண்ணன் திருச்சியில் ஒரு பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தான். விமானம் செய்வதை எப்போது விட்டான் என்று எனக்கு நினைவில்லை.

நான் கிராம சேவிகைப் பயிற்சிக்குப் போனேன். ஒருநாள் மாட்டு டாக்டர் ஒருவர் வந்து தீவனம் பற்றி வகுப்பு எடுத்தார். பூசணம் பிடித்த கடலையை ஆட்டினால் அந்த விஷம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும் என்றார். இது தெரிந்து கொஞ்ச வருஷம்தான் ஆகிறது, முன்பு யாருக்கும் தெரியாது என்றார். கோழிக்குஞ்சும் கன்றுக்குட்டியும் முதலில் சாகும், பெரிய மாடு மெலிந்து மெலிந்து பிறகு சாகும் என்று சொன்னார். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரமே திருச்சிக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். பட்டறை வாசலில் கையெல்லாம் கிரீசாக நின்று கேட்டான்.

"மொத்தம் எத்தன மூட்டை?"

"மூணு. மூணாவது, மன்னிப்புக் கேட்டதுக்குப் பெறகு."

நெடுநேரம் கழிவுத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்பாகிட்டச் சொல்லாத" என்றான்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னவன், நீயா சொல்லாதங்குற?"

"நான்தான் சொல்லாதங்குறேன்."

அந்த அக்காவுக்காவது சொல்ல வேண்டும் என்று ஆலங்குடிப் பக்கம் போனேன். அதே செம்மண் பாதை. அந்த இடத்தில் வேறு யாரோ வீடு கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வைத்திருந்தார். அக்கா மறுபடி களத்து வேலைக்குப் பத்து நாள் போனாராம். அதற்குள் மாடு படுத்தது எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனவர்தான், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அந்த முந்திரி நிழலில் நின்றிருந்துவிட்டு வந்தேன்.

இலுப்பூர் வீட்டில் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டார். ஆலங்குடிக்கு, ஆபீஸ் வேலையாக என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"களத்து அக்காவப் பாத்தியா?"

"பாக்கலைப்பா."

"அடுத்த தடவை போனாப் பாரு. நான் கேட்டேன்னு சொல்லு. அந்த மாடு அப்பவே தேறியிருக்கும். அதுக்குப் பெறகு எத்தன கன்னு போட்டுச்சோ."

சரிப்பா என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே போனேன்.